மலிவு விலைச் சிற்றூரில் ஒரு ஞாயிறு

மலிவு என்னும் சொல்லுக்குச் செவி சாயாதார் நம்முள் மிகச் சிலரே. ஆடி பிறந்துவிட்டால் நம் நகர்களின் கடைவீதிகளில் கால் வைக்க இடமிராது. தேவைப்பட்டதை வாங்கச் செல்வோரைவிட, தள்ளுபடியில் கிடைப்பதால் வாங்கச் செல்வோரே அம்மாதத்தில் மிகுதி. இந்த மனப்போக்கு நமக்கு மட்டுமே உரியதன்று. செல்வம் கொழிக்கும் நாடுகளிலும் அது தழைத்தோங்கி நிற்பதையும், அதற்கென்றே தனி ஊர் போன்ற ஒன்று எழுப்பப்பட்டிருப்பதையும் கண்டுவந்த நாம், அதனைக் குறித்து நம் குடும்பங்களோடு சிறிது பேச விழைகின்றோம். இன்று அவ்விடத்திற்கு நம் மக்களும் பெருந்தொகையாய்ப் போய் வருகின்றனர் என்பதே இதற்குக் காரணம்.

மகனோ மகளோ அமெரிக்காவில் பணிபுரிய, பேரப்பிள்ளையைப் பார்க்கவோ மகளின் பேறுகாலத்திற்குத் துணையிருக்கவோ சென்று, ஐந்தாறு மாதம் தங்கித் திரும்பும் பெற்றோர் இன்று நம் பங்குகளில் பலர். அங்கே என்னென்ன கண்டீர்கள் என்று வினவினால், நயாகரா அருவியைச் சொல்வர். நியூயார்க் துறைமுகத்துச் சுதந்திர தேவி சிலையைச் சொல்வர். பக்தி மிக்கவராயின், வாஷிங்டனில் அமல உற்பவ அன்னையின் தேசியப் பேராலயத்தினுள் 1997ஆம் ஆண்டு அர்ப்பணிக்கப்பட்ட வேளாங்கண்ணி ஆரோக்கிய அன்னையின் சிற்றாலயத்தை முதலில் சொல்வர். இவற்றுக்கு அடுத்தபடியாக, சிலர் இவற்றுக்கும் முன்பாக, ‘அவுட்லெட்’ என்ற ஒன்றைச் சொல்வர். பெரிய கம்பெனிகளின் பொருள்கள் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்குமிடம் என்று விளக்கமும் தருவர்.

இந்த ‘அவுட்லெட்’ முறையின் தோற்றம் எளியது. ஆலையில் நெய்யும்போது இழை தப்பிய துணி, தைக்கும்போது கோணிய காலுறை, பருவம் கடந்தும் விலை போகாது தேங்கிய சரக்கு ஆகியவற்றை ஆலை முதலாளிகள் தம் தொழிலாளருக்கு ஆலை வாயிலிலேயே குறைந்த விலைக்குக் கொடுத்து வந்தனர். பின்னர் ஊராருக்கும் அக்கதவு திறந்தது. பென்சில்வேனியா மாநிலத்தில் ரெடிங் என்னும் ஆலை நகரை அடுத்து, பெண்களின் காலுறைக்குப் புகழ்பெற்ற ஒரு பெரிய பின்னலாடை ஆலை இருந்தது. 1969இல் அதனை வாங்கிய வேறொரு நிறுவனம், 1970இல் ஆலையின் ஒரு பகுதியிலேயே பொதுமக்களுக்கான கடையைத் திறந்தது. அக்கம்பக்கத்து மாநிலங்களிலிருந்து பேருந்து பேருந்தாக மக்கள் வந்து குவிந்தனர். இன்று அந்தக் கடை இல்லை. ஆலைக் கட்டடங்களும் வேறு பயனுக்கு மாறிவிட்டன. ஆனால் அங்கே முளைத்த விதை உலகெங்கும் பரவிற்று. இங்கிலாந்தில் சாமர்செட் பகுதியின் ஸ்ட்ரீட் என்னும் ஊரில், பழைய காலணித் தொழிற்சாலை இருந்த இடத்திலேயே 1993இல் இத்தகைய அங்காடி எழுந்தது. ஆக்ஸ்போர்டுக்கு அருகே பிஸ்டர் என்னும் ஊரில் 1995இல் எழுந்த மற்றொன்று எவ்வளவு புகழ் பெற்றதெனில், அங்குள்ள ரயில் நிலையமே 2015 முதல் அவ்வங்காடியின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. சீன மொழியிலும் அரபு மொழியிலும் அங்கே அறிவிப்புகள் உண்டு. நம் திருப்பூர்க் காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சியதையும் கழிக்கப்பட்டதையும் குவித்துவைத்து விற்கின்றார்களே, அதற்கு மாடமும் மாளிகையும் கட்டினால் எப்படியோ அப்படி என்று வாசகர் கற்பனை செய்துகொள்ளலாம்.

நாம் நேரில் கண்டது நியூயார்க் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், சென்ட்ரல் வேலி என்னும் சிற்றூரில் 1985இல் திறக்கப்பட்ட உட்பரி காமன் என்னும் அங்காடித் தொகுதி. 2023ஆம் ஆண்டு அக்டோபரில், நியூ ஜெர்சி மாநிலத்தில் ஒரு பங்கின் விருந்தினராய்ச் சில வாரங்கள் தங்கியிருந்தோம். நம் முன்னாள் பங்கைச் சேர்ந்த ஓர் இளைஞர் அங்கே மென்பொருள் நிறுவனத்தில் பணியாற்றுகின்றார். அவருடைய தந்தையும் தாயும் ஊரிலிருந்து வந்து ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. தந்தை ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். தாயார் மரியாயின் சேனையில் நெடுநாள் உழைத்தவர். “சாமி, எங்களோடு நீங்களும் ஒரு நாள் வந்துதான் ஆகவேண்டும்” என்று அத்தாயார் வற்புறுத்த, நாமும் இசைந்தோம்.

புறப்பட்ட நாள் ஞாயிறு. சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளி. மற்ற நாள்களில் கணவன் மனைவி இருவருக்கும் அலுவலகம். ஆகவே வாரத்தில் அவர்களுக்கு எஞ்சுவது ஞாயிறு ஒன்றே. குடும்பத்தார் சனிக்கிழமை மாலைத் திருப்பலியிலேயே கடனைத் தீர்த்துக்கொண்டிருந்தனர். நாம் ஞாயிறு காலைத் திருப்பலியை முடித்துக்கொண்டு பத்து மணியளவில் அவர்களுடன் காரில் ஏறினோம். 287ஆம் நெடுஞ்சாலை வழியே வடக்கு நோக்கிச் செல்லுகையில் இரு மருங்கிலும் மலைச்சரிவு முழுவதும் செம்மையும் பொன்னிறமுமாய் இலைகள் பழுத்து நின்ற காட்சி, படைத்தவரைப் பாடாதிருக்க முடியாத காட்சி. பிள்ளைகள் கைப்பேசியில் ஆழ்ந்திருந்தனர். பாட்டி செபமாலை சொல்லிக்கொண்டு வந்தார்.

போகும் வழியில் நமக்கு ஓர் ஐயம் எழுந்தது. நியூ ஜெர்சியிலேயே பராமஸ் என்னும் ஊரில் பெருங்கடைகள் நிறைந்திருக்கின்றன என்று கேள்விப்பட்டிருந்தோம். போதாதற்கு, அம்மாநிலத்தில் ஆடைகளுக்கு விற்பனை வரியே கிடையாது. அதை விட்டு மாநில எல்லை தாண்டுவானேன்? கேட்டபோது இளைஞர் சிரித்துக்கொண்டே சொன்ன விடை நம்மை வியப்பில் ஆழ்த்தியது. பராமஸ் அமைந்துள்ள பெர்கன் மாவட்டத்தில் ஞாயிறன்று துணிக்கடை திறப்பது சட்டப்படி குற்றமாம்!

இதனைப் பின்னர் விரிவாகக் கேட்டறிந்தோம். ஞாயிறு ஓய்வைக் காக்கும் பழைய சட்டங்கள் அமெரிக்காவின் பல பகுதிகளில் மறைந்துவிட்டன. 1950களில் நெடுஞ்சாலை ஓரங்களில் பெருங்கடைகள் முளைத்தபோது, ஞாயிறன்று அவை திறந்திருப்பதா என்ற வழக்கு நியூ ஜெர்சியில் எழுந்தது. 1959ஆம் ஆண்டுச் சட்டம், அதனை அந்தந்த மாவட்ட மக்களே வாக்களித்துத் தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிட்டது. பெர்கன் மாவட்டம் ஞாயிறு ஓய்வையே தேர்ந்துகொண்டது. 1993இல் மீண்டும் வாக்கெடுப்பு நடந்தபோதும் அதையே உறுதி செய்தது. ஆடை, மரச்சாமான், வீட்டு மின்கருவிகள் ஆகியன அங்கே ஞாயிறன்று விற்கப்படா; உணவும் மருந்தும் விற்கலாம். 2012இல் சாண்டிப் புயல் அடித்துப் பேரழிவு ஏற்பட்டபோது, ஒரே ஒரு ஞாயிறுக்கு மட்டும் மாநில ஆளுநர் இச்சட்டத்தைத் தளர்த்தினார் என்றால் அதன் உறுதியை உணரலாம். அம்மாவட்ட மக்கள் இச்சட்டத்தை விரும்புவதற்குச் சமயப் பற்று மட்டுமே காரணம் என்று நாம் சொல்லமாட்டோம். வாரத்தில் ஒரு நாளேனும் தம் சாலைகளில் கார்களின் நெரிசல் இராது என்பதே பெரும்பாலோர் கூறும் காரணம். காரணம் எதுவாயினும், கடைகளை மூடிய அந்த ஞாயிறு பலருக்கு ஓய்வாய் அமைகின்றது என்பது உண்மை. நம் காரோ அந்த மாவட்டத்தைக் கடந்து நியூயார்க் மாநிலத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

உட்பரி காமனை ஒரு கட்டடம் என்று எண்ணற்க. அது ஓர் ஊரேதான். வானமே கூரையாக, நடைபாதைகளின் இருபுறமும் பழங்காலக் கிராமத்து வீடுகளைப் போல் ஒற்றை மாடியும் சாய்ந்த கூரையுமாய் 200க்கும் மேற்பட்ட கடைகள். தெருத்தொகுதிகளுக்கு நியூயார்க் மாநிலத்தின் மலை, கடற்கரை, அருவி ஆகியவற்றின் பெயர்களைச் சூட்டியிருக்கின்றனர். வீடுகளைப் போல் தோன்றும் அவற்றுள் எதிலும் எவரும் குடியிருப்பதில்லை; ஆலயம் இல்லை, பள்ளி இல்லை, கல்லறைத் தோட்டம் இல்லை. இரவில் கதவடைத்தால் அவ்வூரின் மக்கள்தொகை வெறும் காவலர்களே. நகரிலிருந்து நாள்தோறும் பேருந்துகள் வந்து வெளிநாட்டுப் பயணிகளை இறக்கிவிடுகின்றன. சீனர், ஜப்பானியர், பிரேசில் நாட்டவர், அரபு நாட்டவர், நம்மவர் என்று அங்கே கேட்கப்படாத மொழி இல்லை. பெந்தெகோஸ்து நாளன்று எருசலேமில் கூடிய கூட்டம் நம் நினைவுக்கு வந்தது. ஆனால் இங்கே எல்லாரும் ஒரே மொழியில் புரிந்துகொண்டது விழுக்காட்டுக் கணக்கை மட்டுமே.

சக்கரம் வைத்த பெரிய பயணப் பெட்டிகளைத் தெருவெங்கும் உருட்டிக்கொண்டு திரிகின்றனர். ஊருக்குத் திரும்பும் பயணிகளோ என்று நினைத்தோம், அப்படியன்று. வாங்கியதைப் போட்டுக்கொள்ள வெறும் பெட்டியோடு வருகின்றனராம்! ஆடம்பரக் கைப்பைகள் விற்கும் கடைகளின் முன்னே கயிறு கட்டியிருந்தது. உள்ளே இருப்பவர் வெளியேறிய பின்னரே அடுத்தவர்க்கு இடம். பாவசங்கீர்த்தனத் தொட்டியின் முன்கூட இத்துணைப் பொறுமையோடு வரிசையில் நிற்பாரைத் தவக்காலத்தின் இறுதி வாரத்தில்தான் நாம் கண்டிருக்கின்றோம்.

இனி, மலிவைப் பற்றி. ஒவ்வொரு பொருளிலும் தொங்கும் சீட்டில் இரண்டு விலை உண்டு. மேலே உயர்ந்த விலை ஒன்று. கீழே குறைந்த விலை ஒன்று. அதற்கும் மேலாக வாயிலில், மேலும் முப்பது விழுக்காடு குறைப்பு என்று ஒரு பலகை. கண் மேலே உள்ள எண்ணில் பட்டுவிட்டால், கீழே உள்ள எண் எதுவாயினும் இலாபமாகவே தோன்றும். 90 டாலர் செலவிட்டவர், தாம் 90 டாலர் செலவிட்டதாக நினைப்பதில்லை. 210 டாலர் சேமித்ததாகவே வீட்டுக்குச் சென்று சொல்கின்றார். சேமித்த அந்த 210 டாலர் எங்கே என்று தேடினால் எந்த வங்கியிலும் அகப்படாது.

மேலே அச்சிட்ட அந்த விலைக்கு அப்பொருள் எங்கேனும், என்றேனும் விற்கப்பட்டதா என்பதே கேள்வி. பழங்காலத்தில் ஆலைக் கடைக்கு வந்தது மெய்யாகவே மிஞ்சிய சரக்கு. இன்று அமெரிக்க ‘அவுட்லெட்’ கடைகளில் விற்பனையாகும் பொருள்களுள் பெரும் பகுதி, அக்கடைகளுக்கென்றே தனியாக, குறைந்த செலவில் தயாரிக்கப்படுவது. பெயர் அதே பெயர். ஆனால் துணி மெல்லியது, உட்துணி குறைவு, தையல் இடைவெளி பெரிது, தோலின் இடத்தில் தோல் போன்ற ஒன்று. சில நிறுவனங்கள் கழுத்துச் சீட்டில் தம் பெயருக்குக் கீழே சிறு சதுரங்களையோ வைர வடிவங்களையோ பொறித்து, இது அவ்வகைச் சரக்கு என்று குறிப்புக் காட்டுவதுண்டு. அறிந்தவர்க்கே அது புலப்படும். பழைய விலை என்று காட்டப்படுவது மெய்யாகவே நியாயமான காலம் விற்கப்பட்ட விலையாய் இருக்கவேண்டும் என்று அந்நாட்டு வணிக ஆணையத்தின் வழிகாட்டு விதிகள் 1964 முதலே கூறுகின்றன. இருந்தும், வாங்குவோர் ஏமாறும்படி ‘அவுட்லெட்’ கடைகளில் விலைச்சீட்டு எழுதப்படுகின்றதா என்று ஆராயுமாறு, அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் நால்வர் 2014ஆம் ஆண்டு அந்த ஆணையத்துக்கு எழுத நேர்ந்தது.

இதனால் அங்கே விற்பனவெல்லாம் வஞ்சகம் என்று எவரும் முடிவு கட்டிவிட வேண்டா. நல்ல பொருளும் உண்டு. நியாய விலையும் உண்டு. பனிக்காலத்தை முதன்முறை எதிர்நோக்கும் செவிலிப் பெண் ஒருத்திக்கு, கம்பளி மேலங்கியும் தண்ணீர் புகாத காலணியும் அங்கே பாதி விலையில் கிடைக்குமாயின், அவள் ஊருக்கு அனுப்பும் பணத்தில் அது கூடுதலாய்ச் சேரும். தேவையை எழுதி எடுத்துக்கொண்டு, அதை மட்டும் வாங்கி, ஒரு மணி நேரத்தில் வெளியேறிய ஓர் இளந்தம்பதியரையும் அங்கே கண்டோம். ஆயினும் அத்தகையோர் மிகச் சிலரே.

நம்மோடு வந்த தாயாரிடமும் ஒரு பட்டியல் இருந்தது. ஆனால் அது வேறு வகை. சம்பந்தி அம்மாளுக்குக் கைப்பை; சம்பந்தியின் தங்கைக்கு அதைவிடச் சற்றுக் குறைந்த கைப்பை; மூத்த நாத்தனார் மகனுக்குக் காலணி, அவன் பாதத்தின் அளவு ஒரு நூலில் முடிச்சிட்டு வந்திருந்தது; அண்டை வீட்டாருக்கு வாசனைத் தைலம்; கோயில் பாடகர் குழுவினர்க்கு மிட்டாய். ஏறத்தாழ நாற்பது பெயர்கள். (நம்மிடமும் ஒருவர் பட்டியல் கொடுத்திருந்தார் என்பதை மறைக்கவில்லை: நம் உபதேசியார் கேட்டது ஒரு கைவிளக்கு.) யாருக்கு எது என்பதில் அந்தத் தாயார் பட்ட பாடு சொல்லி முடியாது. ஒருவருக்குக் கொடுத்து மற்றவருக்குக் கொடாவிட்டால் மனக்கசப்பு. ஒரே விலையில் கொடுத்தால் நெருங்கிய உறவினர்க்குக் குறை. ஒவ்வொரு சீட்டிலும் டாலரை ரூபாயாகப் பெருக்கிப் பெருக்கி, அவர் கண்களில் நீர் கோத்துவிட்டது. “சாமி, இதையெல்லாம் வாங்கிப் போகாவிட்டால், மகன் அமெரிக்காவில் இருந்து என்ன பயன் என்று கேட்பார்கள்” என்றார். மருமகள் நல்ல பெண். ஆயினும் கடன் அட்டையை நான்காம் முறை நீட்டியபோது அவள் முகம் வாடியதை நாம் கவனிக்காதிருக்க முடியவில்லை. வெளிநாட்டிலிருந்து வருவோரிடம் ‘எனக்கு என்ன கொண்டுவந்தாய்’ என்று விளையாட்டாகக் கேட்கும் நம் வழக்கம், எங்கோ ஒரு வீட்டின் மாதக் கணக்கில் எத்தனை பெரிய துளையைப் போடுகின்றது என்பதை நம் குடும்பங்கள் அறிந்துகொள்வது நலம்.

தந்தையார் வேறு விதம். முதல் இரு கடைகளுக்குப் பின் அவர் நடைபாதையோரத்து மரப்பலகையில் அமர்ந்துவிட்டார். நாமும் அவரோடு அமர்ந்தோம். இத்தகைய இருக்கைகள் அங்கே ஏராளம். அவற்றில் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் வயது முதிர்ந்த ஆண்கள். பைகளைக் காவல் காப்பது அவர்கள் பணி. நம் அருகே ஒரு சீன முதியவர் அமர்ந்திருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது; ஆசிரியருக்குச் சீனம் தெரியாது. சிறிது நேரம் கழித்து அம்முதியவர் தம் பையிலிருந்து ஒரு கமலாப்பழத்தை எடுத்துத் தோலுரித்து, பாதியை ஆசிரியரிடம் நீட்டினார். அவ்வூரில் அன்று நாம் கண்ட பொருள்களுள் விலைச்சீட்டு இல்லாதது அது ஒன்றே.

அப்போது மகன் ஒரு மேலங்கியைத் தோளில் சுமந்துகொண்டு ஓடி வந்தார். 300 டாலர் என்று அடித்து, 89 டாலருக்குக் கொடுக்கின்றார்களாம். “அப்பா, போட்டுப் பாருங்கள்.” தந்தை மறுத்தார். “டிசம்பரில் ஊருக்குப் போகிறவனுக்கு எதற்குப்பா இது? நம்மூர் வெயிலில் இதைப் போட்டுக்கொண்டு எங்கே போவேன்?” மகன் விடவில்லை. குரல்கள் சற்றே உயர்ந்தன. “உங்களுக்கு என்று நான் எதுதான் வாங்கித் தந்திருக்கிறேன்? எதைக் காட்டினாலும் வேண்டாம் வேண்டாம் என்கிறீர்களே” என்று சொன்னபோது அந்த இளைஞரின் தொண்டை அடைத்துக்கொண்டது. தந்தை கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பெற்று, அதன் மேல் தாயின் தாலிக்கொடியையும் அடகு வைத்து மகனைப் பொறியியல் படிக்கவைத்த செய்தி நமக்குத் தெரியும். அந்நாளில் கல்லூரிக்கு விண்ணப்பம் எழுத உதவியவர் நாமே. அந்த மேலங்கி மகனுக்கு மேலங்கியாய்த் தோன்றவில்லை. பட்ட கடனுக்கு ஒரு தவணையாய்த் தோன்றிற்று. தந்தைக்கோ அது கடனே அன்று. ஆகவே தவணையும் வேண்டியிருக்கவில்லை. இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. தாயார் வந்து, “பிள்ளை மனம் நோகும், வாங்கிக்கொள்ளுங்கள்” என்றார். ஆசிரியர் எழுந்து நின்று கைகளை விரித்தார். மகன் அணிவித்துப் பொத்தான் போட்டுவிட்டார். பிறகு, “இங்கே ஐந்து நிமிடம் உட்காருப்பா” என்று தந்தை தம் அருகே இடம் காட்ட, அன்று முதன்முறையாக அவ்விளைஞர் அமர்ந்தார்.

சிறுவர்களுக்கென்று வாங்கியிருந்த பின்னல் சட்டைகளின் பையை அங்கேயே பிரித்துப் பார்த்தோம். அந்நாட்டுச் சட்டப்படி, ஆடையின் சீட்டில் அது செய்யப்பட்ட நாடு, நூலின் வகை, நிறுவனத்தின் அடையாளம் ஆகியவை இருக்கவேண்டும். ஒரு சட்டை வங்காள தேசத்தது, ஒன்று வியட்நாமினது, மூன்றாவதில் இந்தியா என்றிருந்தது. ஊர்ப் பெயர் இல்லை. ஆனால் இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேற்பட்டது திருப்பூரிலிருந்து செல்வதால், ஆசிரியர் அதைத் திருப்பூர்ச் சட்டையாகவே முடிவு செய்துவிட்டார். அவருடைய தம்பி மகள் ஒருத்தி அங்கே பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கின்றாள். “சாமி, இது கப்பலேறி இங்கே வந்தது. இதை நாங்கள் விமானமேற்றித் திரும்ப ஊருக்குக் கொண்டுபோகிறோம். இந்தச் சட்டைக்கு அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு கிடைத்திருக்கும்?” என்று கேட்டார்.

எவராலும் விடை சொல்ல இயலவில்லை. அந்தக் கேள்விக்கு அவளாலும் எளிதில் விடை சொல்ல இயலாது. ஏனெனில் பனியன் கம்பெனியில் ஒருவர் ஒரு சட்டையை முழுவதும் தைப்பதில்லை. ஒருவர் தோளை இணைப்பார். அடுத்தவர் கையை ஏற்றுவார். மற்றொருவர் அடி மடிப்பார். பின்னர்ச் செக்கிங், பின்னர் இஸ்திரி, பின்னர்ப் பெட்டி. ஷிப்ட்டுக்குக் கூலி பெறுவோரும் உண்டு. பீஸ் ரேட்டில் கூலி பெறுவோரும் உண்டு. ஆர்டர் வந்தால் இரவும் பகலும் வேலை, வராவிட்டால் வீடு. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க அரசு இந்தியப் பொருள்கள் மீது 50 விழுக்காடு வரி விதித்தபோது, திருப்பூருக்கு வந்திருந்த ஆர்டர்கள் பல நிறுத்தப்பட்டதையும், தொழிலாளர் குடும்பங்கள் கலங்கியதையும் நாம் அறிவோம். அந்தக் கலக்கத்தின் சுவடு எந்த விலைச்சீட்டிலும் இராது.

2013ஆம் ஆண்டு ஏப்ரல் 24 அன்று டாக்கா நகரையொட்டி ராணா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்ததில் 1,100க்கும் மேற்பட்ட ஆடைத் தொழிலாளர் மாண்டனர். மேலை நாட்டுக் கடைகளுக்கு ஆடை தைத்துக் கொடுத்தவர்கள் அவர்கள். முந்தின நாளே சுவரில் வெடிப்பைக் கண்டும் வேலைக்கு வரவழைக்கப்பட்டனர். ஒரு வாரம் கழித்து, தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாகிய மே முதல் நாள் திருப்பலியில், திருத்தந்தை பிரான்சிஸ் இதனைக் குறிப்பிட்டார். மாதம் 38 யூரோ கூலிக்கு மனிதரை வேலை வாங்குவது அடிமைத்தனமே அன்றி வேறில்லை என்று அவர் வருந்திக் கூறினார். திருத்தந்தை பதினாறாம் ஆசீர்வாதப்பர் 2009ஆம் ஆண்டுத் திருமடலில், பொருள் வாங்குவது பணச் செயல் மட்டுமன்று, அறநெறிச் செயலும் ஆகும் என்று போதித்திருந்தார். ஆலயத்தில் இதனை வாசித்து விளக்கும்போது நம் மக்கள் தலையசைத்துக் கேட்பர். தேர்வு வரும் இடமோ விலைச்சீட்டின் முன்புதான். ஒரு சட்டை ஐந்து டாலருக்குக் கிடைப்பின், ஐந்து டாலருக்குள் பருத்தி விளைத்தவனும் நூற்றவளும் சாயமிட்டவனும் தைத்தவளும் கப்பலோட்டியவனும் கடைக்காரனும் பங்கு பிரித்துக்கொள்ள வேண்டும் என்று கணக்குப் போடத் தெரியாதவர் இல்லை.

மாலை நான்கு மணிக்கு மேல், பணம் செலுத்தும் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். கல்லாவில் இருந்த பெண்ணுக்கு இருபது வயதிருக்கலாம்; லத்தீன் அமெரிக்கக் குடும்பத்தினள். கழுத்தில் குவாதலூப்பே அன்னையின் சுரூபம். நம் கழுத்துப் பட்டையைக் கண்டதும், “பாத்ரே” என்று சொல்லி, பொருள்களைப் பையிலிடுவதை நிறுத்திச் சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டாள். அன்று காலை முதல் நின்றுகொண்டிருப்பதாகவும், ஞாயிறுகளில்தான் கூட்டம் மிகுதியாதலால் அந்நாளில் விடுப்புக் கிடைப்பதில்லை என்றும், சனிக்கிழமை மாலை ஸ்பானியத் திருப்பலிக்குச் சென்றுவிடுவதாகவும் சொன்னாள். தம்பி தங்கையர் ஞாயிறன்று பாட்டி வீட்டில் கூடுவார்களாம். அவள் மட்டும் போவதில்லை. பின்னால் நின்றவர் பொறுமையிழந்து இருமினார். அவளுக்கு ஆசி கூறி நகர்ந்தோம்.

திருச்சபைச் சட்டத்தின் 1248ஆம் விதி, முந்தின நாள் மாலைத் திருப்பலியில் பங்குகொண்டாலும் ஞாயிறு கடன் நிறைவேறும் என்கின்றது. நம்மோடு வந்த குடும்பமும் அப்பெண்ணும் ஒரே சலுகையைத்தான் பயன்படுத்தியிருந்தனர். அவளுக்கு அது வேலைக்கட்டாயம், நம்மவர்க்கு வசதி. அந்த வசதியால்தான் அவளுடைய கட்டாயம் என்பதையும் சொல்லாமலிருக்க இயலாது. முந்தைய விதியாகிய 1247, அந்நாளுக்குரிய மகிழ்ச்சிக்கும் மனத்துக்கும் உடலுக்கும் வேண்டிய ஓய்வுக்கும் தடையான அலுவல்களிலிருந்து விலகியிருக்கச் சொல்கின்றது. நம் குடும்பத்தாரின் ஓய்வையும் கணக்கிலெடுத்தோம்: காலை பத்து முதல் இரவு எட்டு வரை, இரண்டு முறை கருத்து வேறுபாடு, ஒரு முறை கண்ணீர், பிள்ளைகளுக்குத் தலைவலி, உணவுக் கூடத்தில் இருபது நிமிட உணவு. திரும்பும் வழியில் இதனைக் கடிந்துரையாக அன்றி, பேச்சோடு பேச்சாக அவ்விளைஞரிடம் சொன்னோம். “பராமஸ்காரர்கள் கெட்டிக்காரர்கள், ஃபாதர்” என்றார். அடுத்த ஞாயிறு ஹட்சன் ஆற்றங்கரைக்குப் போவது என்று வீட்டில் பேசி முடிவாயிற்று என்பதைப் பின்னர் அறிந்தோம்.

செல்லவிருக்கும் பெற்றோர்க்குச் சில வார்த்தைகள். அங்கே போகத்தான் வேண்டுமெனில் வார நாளில் போங்கள். கூட்டமும் குறைவு, மனமும் தெளிவாயிருக்கும். சீட்டின் மேல்விலையைப் பாராமல், இந்தப் பொருள் நம் ஊர்க் கடையில் இந்த விலைக்கு இருந்தால் வாங்குவோமா என்று மட்டும் கேளுங்கள். தையலைத் திருப்பிப் பாருங்கள். உட்துணியைத் தடவிப் பாருங்கள். நியூயார்க் மாநிலத்தில் 110 டாலருக்குக் குறைந்த ஆடைக்கும் காலணிக்கும் மாநில வரி இல்லை. கைப்பைக்கும் வாசனைத் தைலத்துக்கும் வரி உண்டு. அது சீட்டில் தெரியாது; கல்லாவில்தான் தெரியும். திருப்பிக் கொடுக்கும் வசதி அங்கே பொதுவாக உண்டு. ஆகவே இரசீதைப் பத்திரப்படுத்துங்கள். விமானத்தில் பெரும்பாலும் ஒருவருக்கு 23 கிலோ வீதம் இரண்டு பெட்டிகளே இலவசம். ஊரிலிருந்து கொண்டுசென்ற புளியும் மிளகாய்ப் பொடியும் காலியான இடத்தில் எவ்வளவு கொள்ளும் என்பதை அங்கே சென்ற பின் அன்று, கடைக்குப் போகுமுன்பே எண்ணிக்கொள்ளுங்கள்.

டிசம்பரில் ஆசிரியர் குடும்பம் புறப்படுகையில் அந்த எடைதான் இடித்தது. நாற்பது பெயர்களுக்கும் உரியதைக் கட்டியபின், எடைத்தராசில் பெட்டி ஏறத்தாழ மூன்று கிலோ மிஞ்சி நின்றதாம். எதை எடுப்பது என்று தாயாரும் மருமகளும் திகைக்க, ஆசிரியர் தம் மேலங்கியை வெளியே எடுத்து, மகனுடைய அலமாரியில் தொங்கவிட்டிருக்கின்றார். மகன் முகம் சுருங்குவதைக் கண்டு, “இங்கேயே இருக்கட்டும்ப்பா. அடுத்த முறை வரும்போது போட்டுக்கொள்கிறேன்” என்றாராம். அதுவரை மறுமுறை வருவதாக அவர் ஒருபோதும் சொன்னதில்லையென்று, ஊர் திரும்பி நம்மிடம் வந்து மிட்டாய்ப் பொட்டலத்தைக் கொடுக்கும்போது தாயார் சொன்னார்.